அலையும் கம்பியும் கூடுமிடம்

நீலகிரியென்றதும் தேயிலையும் குளிரும் நினைவிற்கு வருதல் இயல்பே. எனினும், உதகமண்டலத்தையடுத்த முத்தோரையில் 1970-ஆம் ஆண்டு டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாருக்காகக் கோவிந்த ஸ்வரூப் அமைத்த ரேடியோ தொலைநோக்கியும் நாம் அறிந்து மகிழத்தக்கதே. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமுள்ள அது ஒரு மலைச்சரிவின்மேல் கிடக்கின்றது. சரிவின் சாய்வு அவ்விடத்து அட்சரேகையாகிய சுமார் 11 பாகையோடு ஒத்திருத்தலின், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாய் நிற்கின்றது. பொருத்தமே அக்கருவியின் உயிர் எனலாம்.

வானிலிருந்து வரும் அலை வெட்டவெளியிற் பரந்து வருவது. கருவியோ கம்பிவழி வருவதையே ஏற்கும். அலை உருமாறும் இடத்தில் பொருத்தம் குறையின், அதன் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். இதனைத் தவிர்ப்பது எங்ஙனம்?

குறுகிய அலைகளைக் கையாளுவோரின் முறையை முதலில் நோக்குவோம். 3 செ.மீ. நீளமுள்ள அலை, ஏறக்குறைய 2.3 செ.மீ. அகலமுள்ள செவ்வக உலோகக் குழாயினுள் செல்லும். நடுக்கம்பியும் அதனைச் சூழ்ந்த உலோக உறையுமுடைய கோஆக்ஸியல் கேபிளை இக்குழாயோடு சேர்க்குமிடத்து, உறையை அகன்ற சுவரோடு பிணைத்து, நடுக்கம்பியை மாத்திரம் கால் அலைநீளத்திற்குச் சற்றேறக்குறைய உள்ளே நீட்டுவர். அதற்கப்பால், குழாயினுள் அளந்த கால் அலைநீளத் தொலைவில், ஒரு முனையை அடைத்துவிடுவர். அடைப்பை நோக்கிச் சென்ற அலை போய்வருவதில் அரை அலையும், சுவரில் தலைகீழாவதில் அரை அலையும் பின்தங்கும். இவ்வாறு ஒரு முழு அலை கழிந்து வருதலின், அது நேரே செல்லும் அலையோடு இசைந்து கூடுகின்றது. கம்பியின் நீளத்தையும் பருமனையும் சிறிது சிறிதாக மாற்றி எஞ்சிய குறையைத் தீர்ப்பர்.

முத்தோரைத் தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. அலைநீளம் 92 செ.மீ. அலை செல்லக் குழாயின் அகலம் அரை அலைநீளத்தினும் மிகவேண்டும். அஃதாவது 46 செ.மீ.க்கு மேல். அத்தகைய குழாயை அரை கிலோமீட்டர் தூரம் தாங்கி நிற்பதன் பாரத்தை மாணவர் எண்ணிப் பார்க்கலாம். இங்கோ, வளைந்த தளம் அலைகளைக் குவிக்கும் நீண்ட கோட்டின்மீது 1056 அரையலை இருமுனைக் கம்பிகள் நிரையாய் நிற்கின்றன. அவற்றின் பின்னுள்ள மூலைவடிவான உலோகத் தகடு, குழாயின் அடைப்பைப்போலவே, பின்னோக்கிச் செல்லும் அலையை முன்னே திருப்புகின்றது.

முதற்கூடலில் இழந்த சக்தியைப் பின்னர் எத்துணைப் பெருக்கினும் மீட்டல் அரிது. பெருக்கும்போது இரைச்சலும் உடன் பெருகுமன்றோ? இதுபற்றியே, 1990-களின் தொடக்கத்தில் ஒவ்வோர் இருமுனைக் கம்பியின் பின்னும் ஒரு பெருக்கி வைக்கப்பட்டது. நீண்ட கேபிள் விழுங்குமுன் மெல்லிய குரல் வலுப்பெறுகின்றது. பெரிய கருவியின் பெருமை சிறிய இணைப்பைச் சார்ந்தது என்பதைப் பொறியியல் பயில விழையும் நம் மாணவர் உளங்கொள்வாராக.