பொருள்நோக்குச் செய்நிரலில் ஆக்கியின் கடமை

ஓரினப் பொருள்களின் அமைப்பையும் தொழிலையும் வரையறுப்பதைக் கணினிச் செய்நிரலாளர் வகுப்பு என்பர். அவ்வரையறைப்படி நினைவகத்தில் தோன்றுவது பொருள். பொருள் தோன்றும் கணத்தில் இயங்கும் செய்நிரற்பகுதி ‘கொன்ஸ்ட்ரக்டர்’ எனப்படும். அதனை ஈண்டு ஆக்கி என்போம். அதன் கடமை யாது?

வகுப்பு என்னும் கருத்து, நோர்வே நாட்டு அறிஞர் டால், நைகார்ட் ஆகிய இருவரும் ஆக்கிய சிமுலா 67 மொழியில் உருப்பெற்றது. 1934ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த ரொனி ஹோர், 1972இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வகுப்பை ஆராய்ந்து ஒரு நியதியை விளக்கினார். ஒவ்வொரு பொருளுக்கும் வழுவாது நிற்கவேண்டிய நிபந்தனை உண்டு. பொருள் தோன்றும்போதே அது நிறைவேறல் வேண்டும். பின்னர் நிகழும் ஒவ்வொரு செயலும் அதனைக் காத்தல் வேண்டும். தொடக்கம் பிழைப்பின் பிற்காவல் பயன்படாது என்பது வெளிப்படை.

கிராமத்துச் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சேமிப்புக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அங்கத்தவர் இலக்கம் இருத்தல் வேண்டும். மீதி பூச்சியத்திற் குறையலாகாது. இவையே அதன் நிபந்தனைகள். இலக்கத்தைப் பின்னர் இடலாமென வெறுங்கணக்கைத் தோற்றுவித்தால், இடையில் வரவு வைக்கப்படும் 500 ரூபா எவருடையது? ஆதலின் ஆக்கியே இலக்கத்தைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். தகாத மதிப்பு வரின், குறைப்பொருளை ஆக்காது, வழுவை அறிவித்து மறுத்தல் வேண்டும்.

ஆக்கி செய்யத்தகாதனவும் உள. பற்றுச்சீட்டு அச்சிடுதல், தொலைவிலுள்ள தரவுத்தளத்தை நாடுதல் போல்வன அதன் தொழில் அல்ல. அச்சுப்பொறி பழுதாயின் கணக்கே தோன்றாதொழியும். அச்சுப்பொறியின்றிக் கணக்கைச் சோதித்தலும் இயலாது. கணக்குக்குத் துணைப்பொருள் வேண்டின், ஆக்கி அதனைத் தானே தேடாது வெளியிலிருந்து பெறுவதே முறை.

மேலும், வழிவகுப்பிலே மாற்றி எழுதத்தக்க செயலை மூலவகுப்பின் ஆக்கி அழைத்தலாகாது. நிலையான வைப்புக் கணக்கு, சேமிப்புக் கணக்கின் வழிவகுப்பு எனக் கொள்வோம். ஜாவா மொழியில் மூலவகுப்பின் ஆக்கியே முதலில் நிறைவுறும். அது வட்டி கணிக்கும் செயலை அழைப்பின், வழிவகுப்பின் ஆக்கி வட்டி வீதத்தை இடுமுன்னரே அச்செயல் நிகழும். வீதம் பூச்சியமாகவே கொள்ளப்படும். செய்நிரல் நில்லாது ஓடும். விடை மட்டும் பிழைக்கும். இத்தகைய பிழையைக் கண்டறிதல் எளிதன்று.

ஆகவே, முழுமையான பொருளை ஆக்குதல் அல்லது ஆக்க மறுத்தல் என்னும் இரண்டனுள் ஒன்றே ஆக்கியின் கடமை. இது பேணப்படின், பிற செயல்கள் இலக்கம் உண்டோ இல்லையோ என மீண்டும் மீண்டும் வினவ வேண்டியதில்லை. சிறுகச் சேர்த்த பணம் உரியவர் பெயரில் நிற்பதற்கு முதற்காவல் இதுவேயாம்.