165 கி.மீ.: ஒரு மணி நேரமா, ஒரு நாளா?

வடகிழக்கின் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே தூரம் மாறவில்லை. பயணி யார் என்பதைப் பொறுத்து நேரம் மாறியது.

வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் விஷயம் எளிது. மணிப்பூரின் இம்பால் விமான நிலையத்துக்கும் மிசோரமின் லெங்புய் விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 165 கி.மீ. ஏறக்குறைய சென்னையிலிருந்து விழுப்புரம் போகிற தூரம். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஏடிஆர் ரக விமானத்துக்கு இது 20 நிமிட வேலை.

ஆனால் விமானம் கோடு போட்டாற்போலப் பறப்பதில்லை. இரண்டு நிலையங்களையும் மலைகள் சூழ்ந்திருக்கின்றன. மலைகளைத் தாண்டும் உயரத்துக்கு ஏறி, முழு வேகத்தை எட்டிய சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். ஓடுபாதைக்கு நேராக வரச் சுற்ற வேண்டியும் இருக்கலாம். தவிர, அட்டவணையில் காட்டப்படும் நேரம், விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊரில் வந்து நிற்பதுவரை உள்ள நேரம். அதனால்தான் இத்தகைய குறுகிய தடங்களில் 20 நிமிடம், முக்கால் மணி, ஒரு மணி என்று நீள்கிறது.

அப்படியும் லாபம்தான். மிசோரம் தலைநகர் அய்ஸாலிலிருந்து அசாமின் சில்சார் வழியாகச் சாலையில் இம்பால் போக 400 கி.மீ.க்கு மேல். மழைக்காலத்தில் மண் சரிந்தால் எப்போது போய்ச் சேர்வோம் என்று சொல்ல முடியாது. இந்தச் சிரமத்துக்குப் பதிலாகத்தான் மிசோரம் மாநில அரசே 2,500 மீட்டர் ஓடுபாதையுடன் லெங்புய் நிலையத்தைக் கட்டி, 1998 டிசம்பரில் திறந்தது.

2023 மே மாதம் மணிப்பூரில் மெய்தி, குக்கி இனத்தவரிடையே வெடித்த மோதல் இந்தக் கணக்கையெல்லாம் கலைத்துப் போட்டது. மலை மாவட்டங்கள் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகள் மெய்திகளுக்கு ஆபத்தாயின. வெளியே போக விமானமே வழியானது. அந்த ஆண்டு ஜூலையில், முன்னாள் போராளிகள் சங்கம் ஒன்றின் அறிக்கையால் அஞ்சி மிசோரமை விட்டுப் புறப்பட்ட மெய்திகளில் பலர், லெங்புயில் விமானம் ஏறித்தான் இம்பால் சேர்ந்தார்கள்.

குக்கிகளின் நிலைமை இதற்கு நேர்மாறு. அவர்கள் அதிகம் வாழும் சுராசந்த்பூரிலிருந்து இம்பால் சுமார் 60 கி.மீ.தான். ஆனால் மெய்திகள் வாழும் பள்ளத்தாக்கைக் கடக்காமல் விமான நிலையத்தை எட்ட முடியாது. எனவே டெல்லிக்குப் படிக்கப் போகும் மாணவரும், சிகிச்சைக்குச் செல்லும் நோயாளியும் எதிர்த் திசையில் 300 கி.மீ.க்கு மேல், 12 மணி நேரத்துக்கும் அதிகமாக மலைப்பாதையில் குலுங்கி அய்ஸால் சேர்ந்தனர். அங்கிருந்து லெங்புய்க்கு இன்னும் 32 கி.மீ.

சுராசந்த்பூருக்கு அருகிலுள்ள விமான நிலையம் எது? இம்பால் என்கிறது வரைபடம். 2023-இல் அந்த ஊர்க்காரரின் பெட்டி எடை போடப்பட்டது லெங்புயில்.