வைஃபை பெட்டி வாங்குமுன் கடையைச் சுற்றி நடந்து பாருங்கள்

எமது கடை ஹாட்வெயார் கடை. முன்னால் விற்பனை, பின்னால் களஞ்சியம், மேல்மாடியில் காரியாலயம். பில்லையும் இருப்புக் கணக்கையும் ஊழியர்கள் கைத்தொலைபேசியிலேயே பார்க்க வசதி செய்திருந்தேன். ஒருநாள் பழைய வாடிக்கையாளரான கொந்தராத்துக்காரர் ஒருவர் 40 பீவீசீ குழாய் கேட்டார். களஞ்சியத்தில் நின்ற தம்பியின் போனில் புதிய பட்டியல் திறக்கவில்லை. காலையில் திறந்த பக்கத்தைப் பார்த்து, "முடிந்துவிட்டது" என்றார். வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். அன்று பகல் வந்திறங்கிய குழாய்களோ அந்தத் தம்பியின் முதுகுக்குப் பின்னாலேயே கிடந்தன.

உடனே இணைய வேகத்தைக் கூட்டினேன். மாதக் கட்டணம்தான் கூடியது. வெளியிலிருந்து வரும் இணைப்பு வேறு, அதைக் கடைக்குள் பரப்பும் வைஃபை வேறு. வீதிக் குழாயில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும், மேல்மாடிக்கு லைன் இழுக்காவிட்டால் சொட்டுக்கூட வராது அல்லவா? அதுபோலத்தான்.

ஆகவே நண்பர்களே, முதலில் எண்ணிப் பாருங்கள். எம்மிடம் வேலை செய்வோர் 8 பேர். போன், டெப்லட், பிரிண்டர், கமரா எல்லாம் சேர்த்து எண்ணியபோது 19 கருவிகள் இருந்தன. வீட்டுக்கென்று செய்த சிறிய ரவுட்டர் இதற்குத் திணறலாம்.

இரண்டாவது, கடை திறந்து சாமான் நிறைந்திருக்கும் நேரத்தில் மூலைமுடுக்கெல்லாம் நடந்து சிக்னலை அளவிடுங்கள். இதற்கு இலவச செயலிகள் உண்டு. அவை காட்டும் இலக்கம் -67 அளவில் இருந்தால் நல்லது. -80 ஐத் தாண்டினால் அந்த இடத்தை நம்பி வேலை செய்ய முடியாது. தகரம், இரும்பு ராக்கை, தண்ணீர்த் தாங்கி, கொங்கிறீட் சுவர் ஆகியன சிக்னலைத் தடுக்கும். எமது களஞ்சியத்தில் இவை எல்லாமே இருந்தன!

2.4 கிகாஹேர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும். ஆனால் நெரிசல் அதிகம். அதில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, தூரம் குறைவு.

சிக்னல் எட்டாத இடத்துக்கு கேபிள் இழுத்து இன்னொரு எக்சஸ் பொயின்ட் வைப்பதே உறுதியான வழி. சாதாரண நெட்வேர்க் கேபிளை 100 மீற்றர் வரை இழுக்கலாம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்தால், ஊழியர் நடக்கும்போது போன் தானாகவே மாறிக்கொள்ளும்.

வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதாயின் தனி வலையமைப்பாகக் கொடுங்கள். கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்த மேசையில் வருபவர் எல்லோரையும் உட்கார வைப்போமா? டபிள்யூபீஏ2 அல்லது டபிள்யூபீஏ3 பாதுகாப்பைத் தெரிவு செய்யுங்கள். ஊழியர் ஒருவர் விலகினால் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். ரவுட்டருக்கும் எக்சஸ் பொயின்ட்டுக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்று அவசியம்.

கடைசியில் எனக்குத் தேவைப்பட்டது ஒரு பெட்டியும் கொஞ்சம் கேபிளும்தான். கூட்டிய வேகத்தைப் பழையபடி குறைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கொந்தராத்துக்காரர் இன்னும் அடுத்த கடையில்தான் சாமான் எடுக்கிறார்.