குரக்கு வலிக்குக் கால்சியம் மாத்திரையா?

நடுராத்திரியில் கெண்டைக்கால் சதை இறுகி உயிர் போகிற மாதிரி வலித்தால், மறுநாளே மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரை வாங்கிவிடுகிறோம். எலும்புக்கு நல்லது சதைக்கும் நல்லதுதானே என்ற கணக்கு. சதைக்குள் கால்சியம் பார்க்கும் வேலையைத் தெரிந்துகொண்டால் அந்தக் கணக்கு உதைக்கும்.

தாழ்ப்பாளைத் திறப்பது யார்?

தசைக்குள் ஆக்டின் என்ற மெல்லிய இழைகளும் மயோசின் என்ற தடித்த இழைகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மயோசினின் தலை ஆக்டினைப் பற்றி இழுத்தால் தசை சுருங்கும். ஓய்வில் இருக்கும்போது ட்ரோபோமயோசின் என்ற நீளமான புரதம், பற்றும் இடங்களைத் தாழ்ப்பாள் போட்டதுபோல மறைத்திருக்கும். நரம்பு வழியே உத்தரவு வந்ததும் தசைக்குள்ளேயே இருக்கும் பைகளிலிருந்து கால்சியம் கொட்டும். அது ட்ரோபோனின் என்ற இன்னொரு புரதத்தில் ஒட்டியதும் ட்ரோபோமயோசின் விலகிவிடும். 1960-களில் ட்ரோபோனினைக் கண்டறிந்தவர் ஜப்பானின் செட்சுரோ எபாஷி. நெஞ்சுவலி என்று போனால் ரத்தத்தில் தேடுவதும் இதைத்தான். ஆனால் அது இதயத்துக்கே உரிய வகை.

தளரவும் சக்தி வேண்டும்

சுருங்கத்தான் சக்தி வேண்டும், தளர்வது தானாக நடக்கும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. கொட்டிய கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் ஏற்றவும், மயோசினின் பிடி விடவும் ஏடிபி என்ற சக்தி மூலக்கூறு செலவாகிறது. இறந்தபின் ஏடிபி தீர்ந்துபோவதால்தான் உடல் விறைக்கிறது.

கால்சியம் வெளிவரும் வாயிலில் பிறவிக் கோளாறு உள்ளவர்களும் உண்டு. சில மயக்க மருந்துகள் கொடுத்ததும் அவர்களுக்குக் கால்சியம் கட்டுப்பாடின்றிக் கசிந்து, தசை விறைத்து, உடல் கொதிக்கும், உயிருக்கே ஆபத்து. டான்ட்ரோலின் என்ற மருந்து அந்தக் கசிவை அடக்கும். குடும்பத்தில் யாருக்காவது அப்படி நேர்ந்திருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்போ மாத்திரை?

தசை தன் பையில் உள்ள கால்சியத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. ரத்தத்தில் கால்சியம் நிஜமாகவே குறைந்தால், வேடிக்கை என்னவென்றால், தசை துவளாது. நரம்புகள் தூண்டப்பட்டு இழுத்துக்கொள்ளும். வாயைச் சுற்றி மரத்துப்போகும், விரல்கள் கோணிக்கொள்ளும். தைராய்டு அறுவைக்குப் பிறகு இப்படி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாதாரணக் குரக்கு வலி பெரும்பாலும் இந்த ரகம் இல்லை. முழங்காலை நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள், விட்டுவிடும். அடிக்கடி வந்தால் டாக்டரைப் பாருங்கள். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.