தகடு ஏன் நெளியுது? லேசர் வெல்டிங்கும் ஒரு சின்னக் கணக்கும்

கோவளத்திலிருந்து ஈசிஆரில் தெற்கே போனால், மாமல்லபுரம் தாண்டி கல்பாக்கம். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1971 முதல் இயங்குது. அணு உலை என்றதும் நமக்கு யுரேனியம்தான் ஞாபகம் வரும். ஆனா அங்கே பல வருஷமா ஆராயப்படும் இன்னொரு விஷயம் வெல்டிங். லேசர் வெல்டிங்கும் அதில் அடக்கம். காரணம் இருக்கு. 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் முதன்மைக் கலன் சுமார் 13 மீட்டர் விட்டம். 316 எல்.என். என்ற துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை இணைத்துச் செய்தது, உள்ளே திரவ சோடியம். நெளிஞ்சா அப்புறம் தட்டிச் சரி பண்ணிக்கலாம் என்று விட முடியாத இடம்.

சூடானா விரியும், ஆறினா சுருங்கும். அப்போ பழைய அளவுக்கே வந்துடணுமே, ஏன் நெளியுது?

வெல்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உலோகம் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள ஆறிய தகடு விடாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.017 மி.மீ. விரியும். முழுசா இறுக்கிப் பிடிச்சா ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 3.3 மெகாபாஸ்கல் தகைவு ஏறும். எஃகு நிரந்தரமா உருமாறத் தொடங்குவது சுமார் 205-இல். வகுத்தால் 62 டிகிரிதான்! உருகுநிலையோ 1,400 டிகிரி பக்கம். ஆக, வெல்டை ஒட்டிய பகுதி விரிய இடமில்லாமல் நசுங்கிக் குட்டையாகிடுது. ஆறும்போது பக்கத்துத் தகட்டையும் சேர்த்து இழுக்குது. நெளிசல் அங்கேதான் பிறக்குது.

லேசரின் லாபம், சூடு மிகக் குறுகின கோட்டில் மட்டும் இறங்குவது. இழுப்பு குறையும், ஆனா போயிடாது. மெல்லிய தகட்டில் இன்னொரு சிக்கல்: அகலம் மாறாமல் தடிமனைப் பாதியாக்கினால், அலை அலையா நெளியத் தேவையான தகைவு கால்வாசியாகிடும்.

கணினியில் இதை இரண்டு கட்டமா செய்வாங்க. முதலில் வெப்பம்: லேசரை நகரும் ஒரு கூம்பு வடிவ வெப்ப மூலமா வைத்து, ஒவ்வொரு கணத்திலும் எங்கே எவ்வளவு சூடு என்று கணக்கிடுவது. அடுத்து, அந்த வெப்பநிலைகளைக் கொடுத்து தகைவும் வளைவும். கஷ்டம் எங்கேன்னா, 1 மீட்டர் வெல்டை அரை மி.மீ. அடிகளாக நகர்த்தினாலே 2,000 படிகள். வெல்டு ஓரத்தில் வலைக்கண்ணிகளும் மி.மீ.க்கும் சிறியதா இருக்கணும்.

பெரிய தகடுகளுக்கு இது கட்டுப்படியாகாது. அதனால் ஜப்பானில் 1970-களில் வளர்ந்த ஒரு குறுக்கு வழி உண்டு: சின்ன மாதிரியில் முழுக் கணக்கும் செய்து, மிஞ்சும் சுருக்கத்தை மட்டும் எடுத்து, பெரிய தகட்டின் வெல்டு கோடுகளில் நேரடியா ஏற்றிடுவது. ஒரே எச்சரிக்கை: மெல்லிய தகடுன்னா, பெரிய வளைவுகளையும் கணக்கில் எடுக்கும் முறையை ஓட்டணும். சாதாரண நேரியல் கணக்கு அலை நெளிசலைக் காட்டவே காட்டாது; திரையில் தகடு சமர்த்தா தட்டையா இருக்கும்.

திரையில் வருவதை நம்பலாமா? வெல்டை வெட்டி உருகின பகுதியின் வடிவத்தை ஒப்பிடணும். தெர்மோகப்பிள் காட்டும் சூடு பொருந்தணும். எக்ஸ் கதிர் அளவீட்டில் எச்சத் தகைவும் ஒத்துவரணும். இவ்வளவும் தேறின பிறகுதான் அந்த மாடலிடம் உருப்படியான கேள்வி கேட்கலாம்: எந்த வெல்டை முதலில் போடறது, க்ளாம்ப்பை எங்கே வைக்கறது, எப்போ கழட்டறது? தப்பான வரிசையைக் கணினியில் பத்து தடவை போட்டுப் பார்த்தாலும் போவது மின்சாரம்தான், தகடு இல்லை.