பழைய எயார் றைபிளும் நமது கடைக் கவுண்டரும்

சில வாரங்களுக்கு முன் சங்க அங்கத்தவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இங்கிலாந்தின் சிறு பட்டினம் ஒன்றில் பலசரக்கும் ஓஃப் லைசன்சும் சேர்ந்த கடை நடத்துபவர். அவருடைய நீண்டகால வாடிக்கையாளர் ஒருவர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி, வயோதிப வெள்ளைக்காரப் பெண்மணி, கணவரின் பழைய எயார் றைபிளைப் போர்வையில் சுற்றிக் கடைக்கே கொண்டு வந்துவிட்டார். கவுண்டருக்குப் பின்னால் வைத்திருந்து, யாராவது அறுபது பவுண் தந்தால் கொடுத்துவிட்டு, பத்துப் பவுணைக் கடைக்காரரே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய வேண்டுகோள்.

"அண்ணை, எயார் றைபிளுக்கு லைசன்ஸ் தேவையில்லை எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம். அந்த மனுசிக்கு ஒரு உதவி. செய்யலாமோ?" என்று நம்மவர் கேட்டார்.

"அவ விக்கலாம், நீங்கள் விக்கக் கூடாது" என்பதே அவருக்குக் கிடைத்த பதில். ஒரே துவக்கு, ஒரே விலை, வாங்குபவரும் ஒருவரே. அப்படியிருக்க ஒருவர் விற்றால் சரி, மற்றவர் விற்றால் குற்றம் என்பது எப்படி? நம்மில் பலர் கடை வைத்திருப்பவர்கள். சிலர் வார இறுதியில் கார் பூட் சந்தையிலும் பொருள் விற்பவர்கள். ஆகவே இதைச் சற்று விரிவாக அறிந்து வைத்திருப்பது நல்லது.

'லைசன்ஸ் தேவையில்லை' என்பது எவ்வளவு தூரம் உண்மை?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாதாரண எயார் றைபிளை வைத்திருக்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் 'சாதாரண' என்ற சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. குழாயை விட்டு வெளியேறும் சன்னத்தின் சக்தி, றைபிளாயின் 12 அடி-இறாத்தலையும் கைத்துப்பாக்கியாயின் 6 அடி-இறாத்தலையும் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த றைபிள், பொலிசாரின் துப்பாக்கிச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்க முடியாத ஆயுதமாகிவிடும். கைத்துப்பாக்கியாயின் நிலைமை இன்னும் மோசம். அது தடைசெய்யப்பட்ட ஆயுதமாகக் கொள்ளப்படும்.

பழைய துவக்கில்தான் இந்தச் சிக்கல் அதிகம். முன்னைய சொந்தக்காரர் ஸ்பிரிங்கை மாற்றியிருக்கலாம், உட்பாகங்களைத் திருத்தியிருக்கலாம். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. பதிவுபெற்ற துப்பாக்கி வணிகரிடம் கொடுத்தால் குரோனோகிராஃப் என்னும் கருவியால் சன்னத்தின் வேகத்தை அளந்து சொல்வார். கணக்கு எளிது. சன்னத்தின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்து, எடையை வேகத்தால் இருமுறை பெருக்கி, 450240 ஆல் வகுக்க வேண்டும். 8.4 கிரெயின் சன்னம் 800 அடி வேகத்தில் போனால் 11.94 அடி-இறாத்தல். இது சட்டத்துக்குள். அதே சன்னம் 820 அடி வேகத்தில் போனால் 12.54. இது சட்டத்துக்கு வெளியே. வெறும் இருபது அடி வேக வித்தியாசம் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடும்.

'வியாபார முறையில்' என்ற இரண்டு சொற்கள்

இனி நம் அங்கத்தவரின் கேள்விக்கு வருவோம். 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 3ஆம் பிரிவை, 2006ஆம் ஆண்டு வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் திருத்தியது. 2007 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல், பொலிசாரிடம் துப்பாக்கி வணிகராகப் பதிவு செய்யாத எவரும் வியாபார முறையில் எயார் ஆயுதத்தை விற்கக் கூடாது, கைமாற்றக் கூடாது. இதோடு நிற்கவில்லை. விற்பனைக்காகக் காட்சிக்கு வைப்பதும், விற்பதற்காகக் கைவசம் வைத்திருப்பதும் இதே பிரிவுக்குள் வருகின்றன. ஆகவே துவக்கு இன்னும் விலைப்படவில்லை, கவுண்டருக்குப் பின்னால் சும்மா கிடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

தன் வீட்டில் கிடக்கும் சொந்தத் துவக்கை, அல்லது கணவர் விட்டுச் சென்ற துவக்கை, ஒருவர் ஒருமுறை விற்பது வியாபாரம் அல்ல. எனவே அந்த அம்மையாருக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் கடை என்பது வியாபாரம் நடக்கும் இடம். அங்கே பிறர் பொருளைக் கமிஷனுக்கு வைத்து விற்றுவிட்டு 'நான் தனியாள்' என்று வாதாட இடமில்லை.

வருடத்துக்கு இத்தனை துவக்குவரை விற்கலாம் என்று சட்டம் ஓர் எண்ணிக்கையும் தரவில்லை. இலாபத்துக்காக வாங்கி விற்கும் நோக்கம் இருந்ததா, திரும்பத் திரும்ப நடந்ததா என்று நடந்ததை வைத்தே நீதிமன்றம் பார்க்கும். கார் பூட் சந்தையில் மலிவாக வாங்கி அடுத்த வாரம் கூடிய விலைக்கு விற்பவர், தம்மிடம் கடை இல்லை என்பதால் தப்பிவிட முடியாது.

பறிபோவது பத்துப் பவுண் அல்ல

இந்தக் குற்றத்துக்கு உயர்ந்தபட்சத் தண்டனை ஐந்து ஆண்டுச் சிறை. சிறைக்குப் போகாமல் தண்டப் பணத்தோடு முடிந்தாலும் நமக்கு இன்னொரு ஆபத்து உண்டு. மதுபானம் விற்கும் கடைக்காரரின் தனிநபர் லைசன்ஸ் 2003ஆம் ஆண்டு லைசன்சிங் சட்டத்தின் கீழ் வருவது. அந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் 'தொடர்புடைய குற்றங்கள்' என்று ஒரு பட்டியல் உண்டு. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழான குற்றங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இத்தகைய குற்றத்துக்குத் தீர்ப்பானால் நீதிமன்றம் லைசன்சைப் பறிக்கலாம் அல்லது இடைநிறுத்தலாம். 2017 முதல் உள்ளூர்க் கவுன்சிலுக்கும் அதை இரத்துச் செய்யவோ ஆறு மாதம்வரை இடைநிறுத்தவோ அதிகாரம் உண்டு. சாராய வகை விற்பனையை நம்பி வாடகையும் வங்கிக் கடனும் கட்டும் கடைக்கு இதன் அர்த்தம் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

ஜன்னல் விளம்பர அட்டை

நம் கடைகளில் பலர் வாரம் ஒரு சிறு தொகை வாங்கி ஜன்னலில் விளம்பர அட்டை ஒட்டுகிறோம். 'எயார் றைபிள் விற்பனைக்கு' என்று ஒருவர் அட்டை கொண்டு வந்தால்? அட்டை வேறு, ஆயுதம் வேறு. சட்டம் பேசுவது ஆயுதத்தைக் காட்சிக்கு வைப்பதையும் கைவசம் வைத்திருப்பதையும் பற்றி. ஆயினும் மூன்று காரியங்களில் கவனம் தேவை. அட்டையில் விற்பவரின் தொலைபேசி எண் இருக்கட்டும், கடை எண் வேண்டாம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். துவக்கோ பணமோ உங்கள் கையால் மாறக் கூடாது. 'பையைக் கடையில் வைத்துவிட்டுப் போகிறேன், அவர் வந்து எடுப்பார்' என்று கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஒரே ஆள் மாதந்தோறும் புதுப்புதுத் துவக்குக்கு அட்டை போட்டால், அவர் வியாபாரி என்று விளங்கிக்கொண்டு அட்டையை ஏற்காமல் விடுவதே புத்தி.

சொந்தத் துவக்கை விற்பவர் செய்ய வேண்டியவை

நம்மிடமே ஒரு பழைய றைபிள் இருக்கலாம். அதைத் தனியாளாக விற்கலாம். கடையில் வைத்து, கடைப் பணப்பெட்டி ஊடாக விற்க வேண்டாம். வீட்டில் வைத்து விற்கும்போதும் பின்வருவன பொருந்தும்.

1. வயது. வாங்குபவர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். பெற்றோரின் கடிதம் செல்லாது. பியர் விற்கும்போது நாம் கைக்கொள்ளும் 'சலேஞ்ச் 25' பழக்கம் இங்கும் உதவும். கடவுச்சீட்டையோ சாரதி அனுமதிப்பத்திரத்தையோ கண்ணால் பாருங்கள்.

2. தடைபெற்ற ஆள். மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டுக்கு உட்பட்ட சிறைத்தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஐந்து ஆண்டுவரை எந்தத் துப்பாக்கியையும் வைத்திருக்க முடியாது. எயார் றைபிளும் இதில் அடங்கும். மூன்று ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்கு ஆயுள் முழுதும் தடை. 2014 முதல், மூன்று மாதமோ அதற்கு மேலோ ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றவருக்கும் ஐந்தாண்டுத் தடை உண்டு. ஒருவர் அப்படிப்பட்டவர் என்று தெரிந்தோ, நம்ப நியாயமான காரணம் இருந்தோ விற்றால் விற்றவரும் குற்றவாளி.

3. வெறியில் இருப்பவர். குடிபோதையில் உள்ளவருக்கும் சித்த சுவாதீனம் இல்லாதவருக்கும் விற்பது குற்றம்.

4. கொண்டு செல்லல். தகுந்த காரணமின்றி எயார் ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருப்பது, சன்னம் போடாவிட்டாலும், குற்றம். வாங்கியவர் அதை வெறுமையாக்கி, உறையில் இட்டு, நேரே வீட்டுக்குக் கொண்டு போகட்டும்.

5. பற்றுச்சீட்டு. தனியாள் விற்பனைக்கு எழுத்து வேண்டும் என்று இங்கிலாந்தில் கட்டாயம் இல்லை. ஆனால் நாளைக்கு அந்தத் துவக்கால் ஒரு பிரச்சினை வந்தால் பொலிசார் முதலில் கேட்பது 'யாரிடம் கொடுத்தீர்?' என்பதுதான். திகதி, தயாரிப்புப் பெயர், தொடர் இலக்கம், குழாய் அளவு, விலை, வாங்கியவரின் பெயரும் விலாசமும், பார்த்த அடையாளப் பத்திரம், இருவரின் கையொப்பம் ஆகியவற்றோடு இரண்டு பிரதி எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலைப்படும்வரை வீட்டில் பூட்டி வையுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர் கையில் அது அகப்படாதபடி நியாயமான முன்னெச்சரிக்கை எடுப்பது 2011 முதல் சட்டக் கடமை.

விற்கவே முடியாத ஒரு வகை

சில பழைய துவக்குகளில் ஒவ்வொரு சன்னத்துக்கும் தனித்தனியே அழுத்தக் காற்று நிரப்பிய சிறு தோட்டா போன்ற உறை போட வேண்டும். இந்த வகை 2004 ஜனவரியில் தடைசெய்யப்பட்டது. முன்பே வைத்திருந்தவர்கள் சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும். இறந்தவர்களின் வீட்டு அலுமாரிகளில் இவை இன்னும் கிடக்கலாம். கண்டால் விற்கவும் வேண்டாம், பொலிஸ் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். 101க்கு அழைத்து அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து அங்கத்தவர்களுக்கு

மேலே சொன்ன 'சான்றிதழ் தேவையில்லை' என்ற பேச்சு உங்களுக்குப் பொருந்தாது. ஸ்கொட்லாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2016 டிசம்பர் 31 முதல் எயார் ஆயுதம் வைத்திருக்கவே சான்றிதழ் வேண்டும். தனியாளுக்கு விற்பவர் வாங்குபவரின் சான்றிதழைப் பார்த்த பிறகே கொடுக்கலாம். வட அயர்லாந்தில் ஒரு ஜூலுக்கு மேற்பட்ட சக்தியுள்ள எயார் துவக்குக்குத் துப்பாக்கிச் சான்றிதழே தேவை. எல்லை தாண்டி விற்க நினைப்பவர் பதிவுபெற்ற வணிகர் மூலம் செய்வதே பாதுகாப்பு.

சன்னம் விற்கலாமா?

எயார் றைபிள் சன்னப் பெட்டிகளை விற்கத் துப்பாக்கி வணிகர் பதிவு தேவையில்லை. ஆனால் 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்பது குற்றம். விற்பதானால் சிகரெட்டைப் போலக் கவுண்டருக்குப் பின்னால் வையுங்கள், வேலைக்கு நிற்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

துவக்கையே விற்க விரும்புபவர் பொலிசாரின் துப்பாக்கி அனுமதிப் பிரிவுக்கு விண்ணப்பித்துப் பதிவு பெறலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும். தனியாளுக்கு விற்கும்போது துவக்கை நேருக்கு நேர் கையளிக்க வேண்டும், தபாலில் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஒரு துவக்குக்காக இத்தனை பாடு தேவையில்லை என்பது வெளிப்படை.

நம் அங்கத்தவர் அன்று பின்னேரமே கடையைப் பெண்சாதியிடம் விட்டுவிட்டு, அந்த அம்மையாரோடு வீடுவரை சென்று துவக்கை அலுமாரியில் பூட்டி வைக்க உதவினார். பிறகு அருகிலுள்ள பதிவுபெற்ற துப்பாக்கி வணிகரின் எண்ணைத் தேடிக் கொடுத்தார். வணிகர் வீட்டுக்கே வந்து பார்த்து, நாற்பத்தைந்து பவுணுக்கு வாங்கிச் சென்றார். அம்மையாருக்கு ஐந்து பவுண் குறைவு, நம்மவருக்குப் பத்துப் பவுண் இல்லை. ஆனால் கடை லைசன்சுக்கு ஆபத்து இல்லை, வாடிக்கையாளரின் நன்றியும் கிடைத்தது. அடுத்த நாள் அந்த அம்மையார் வழக்கம்போல் பாலும் பத்திரிகையும் வாங்க வந்தாராம்.

வாடிக்கையாளருக்கு உதவுவது நம் தொழிலின் பண்பு. அந்த உதவி கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து வியாபாரமாக மாறும் இடம் எது என்று தெரிந்து வைத்திருப்பது நம் தொழிலின் பாதுகாப்பு. சந்தேகம் எழுந்தால் பொருளைக் கையில் வாங்கும் முன் உள்ளூர்ப் பொலிசாரின் துப்பாக்கி அனுமதிப் பிரிவையோ வழக்கறிஞரையோ கேளுங்கள். வாங்கி வைத்த பிறகு கேட்பதில் பயனில்லை.