பங்களாவுக்கு வேலைக்குப் போனவள்

‘ஜேன் அயர்’ நாவலைப் படிக்கும் முன்பே எனக்கு அந்தக் கதை தெரியும். 1969இல் வந்த ‘சாந்தி நிலையம்’ படத்தில் காஞ்சனா பாடம் சொல்லித்தரும் டீச்சர், ஜெமினி கணேசன் பங்களா முதலாளி. மார்கஸ் பார்ட்லிக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கித் தந்த படம். சார்லட் பிராண்டி 1847இல் எழுதிய இருட்டு மாளிகை, வண்ணத்தில் பளபளத்தது.

இப்போது என் தங்கை மகள், அரக்கோணம் மின்சார ரயிலில் அதே கதையை வேறு வேடத்தில் படிக்கிறாள். “பெரியம்மா, இதுல ஜேனுக்குப் பேயெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அவ ஃபிரெண்டு யாருன்னா, சார்லட் பிராண்டியே!” மூன்று பேர் சேர்ந்து எழுதிய ‘மை பிளெய்ன் ஜேன்’, 2018. ஏப்ரல் லிண்ட்னரின் ‘ஜேன்’ நாவலில் (2010) முதலாளி ஒரு ராக் பாடகர், எனக்கு ஒட்டவில்லை. லாரன் பிளாக்வுட் 2021இல் எழுதியதில் எத்தியோப்பியச் சாயல். நாயகி பேயோட்டக் கூலி பேசி வருகிறாள். இது பிடித்தது.

பதின்வயதினரை ஜேனின் கதை இழுப்பதில் வியப்பில்லை. மாளிகைக்குள் நுழையும்போது ஜேனுக்கு 18தான். சொந்தச் சம்பளம், கேட்க நாதியில்லை, பூட்டிய அறை.

“மாடியில் அடைபட்ட முதலாளி மனைவியின் பக்கத்துக் கதையை யாரும் எழுதலையா?” என்றாள் தங்கை மகள். ஜீன் ரீஸ் 1966இலேயே எழுதிவிட்டார். ‘வைட் சர்காசோ சீ’. அடுத்து அதுதான் வாங்கித்தர வேண்டும்.